வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த பிக்கப்

இன்னும் பிறக்காத என் மகனுக்கு,

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா யாரென்று எனக்குத் தெரியாது. பதறாதே. எனக்கு இப்போது பதினேழு வயது, ஐந்தாம் படிவச் சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன், அந்த மனிதரை இன்னும் சந்திக்கவில்லை என்று மட்டும்தான் அதற்குப் பொருள். நீ மகனா மகளா என்பதும் தெரியாது. மகளாக இருந்தால் மன்னித்துக்கொள். "மகனே" என்று எழுதினால்தான் அறிவுரைக்கு ஒரு கனம் வருகிறது. நீ வளர்ந்து, சொந்தச் சம்பளம் வாங்கி, ஓடாத பழைய வண்டி ஒன்றை வாங்கி ஓட வைக்கலாமா என்று யோசிக்கும் நாளில் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பதாக இருக்கிறேன். என் பதில்: வாங்காதே. உனக்கு அவசரமென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு அவசரமில்லை. நான் உட்கார்ந்திருப்பது அப்படிப்பட்ட இடம். பாலிக் புலாவுக்குப் போகும் மலைப்பாதையில், மூன்றாவது வளைவு தாண்டியதும், என் அப்பாவின் பிக்கப் மூக்கிலிருந்து புகைபோல ஆவி விட்டு நின்றுவிட்டது. (இந்தக் கடிதத்தில் அப்பா என்றால் என் அப்பா, உனக்குத் தாத்தா. அம்மா என்றால் என் அம்மா. உன் அம்மா நான்தான், என்னைக் குழப்பிக்கொள்ள மாட்டாய்.) "அப்பா, ஆவி போகுது. உயிர் போயிட்டுது போல," என்றேன். நல்ல சிலேடைதான். ஆனால் கொதிக்கும் ரேடியேட்டர் முன்னால் சட்டை நனைய நிற்கும் மனிதரிடம் சொல்லக்கூடியதல்ல. அவர் பின்பக்கத்திலிருந்து ஒரு பழைய எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு, கீழே கடந்து வந்த ஓடையை நோக்கி நடக்கத் தொடங்கினார். நாலடி போய்த் திரும்பி, "உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அப்ப தெரியும்," என்றார். சாபமா ஆசியா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். தாள், அப்பா இந்த வண்டிக்கென்று வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்தது. அதற்கும் ஒரு திட்டு பாக்கியிருக்கிறது.

வண்டி வந்த கதையைச் சொல்கிறேன். அப்பா துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் அலுவலகத்தில் முப்பது வருஷமாக எழுத்தர். தலை கலைந்து நான் பார்த்ததில்லை. ஒரு கல்யாணத்துக்காக கடலுக்கு அப்பால் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனவர், மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமல், ஸ்டோருக்குப் பின்னால் மழைமரத்தடியில் கிடந்த ஒரு பிக்கப்பைப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளைக்காரத் துரை காலத்து வண்டி. உருண்டை மூக்கு, ஒரு காலத்தில் பச்சையாக இருந்த உடம்பு, பின்பக்கப் பலகையில் லாலான் புல் இடுப்பளவு முளைத்திருந்ததாம். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா காய்ச்சல் என்று நினைத்து மிளகு ரசம் வைத்தார். எட்டாம் நாள் வாயைத் திறந்தார்.

"முப்பது வருசமா ஃபைலைத்தான் மேசைக்கு மேசை நகர்த்தினனான். ஒருக்காலாவது ஒரு வண்டியை நகர்த்திப் பார்க்க வேணும்."

"ஓடுற வண்டியை வாங்கினா நகராதோ?" என்றார் அம்மா.

"ஓடுற வண்டியை ஆரும் நகர்த்தலாம்."

வீட்டில் எனக்குச் சமமாகப் பதில் சொல்லக்கூடிய இன்னொரு ஆள் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என்ன விலை கொடுத்தார் என்று கேட்காதே, அம்மா கேட்டுக் களைத்துவிட்டார். ஒரு லாரி அதைப் பட்டர்வொர்த் வரை இழுத்து வந்துவிட்டு, அங்கேயே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் தீவுக்கு வரும் ஃபெரியில் ஏற்ற நான்கு பேர் தள்ள, இறக்க ஆறு பேர் தள்ள, நடுவில் கடல்மேல் அப்பா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கப்பலையே அவர்தான் ஓட்டுவதுபோல் உட்கார்ந்திருந்தார். தெற்கே புதிய பாலத்தின் தூண்கள் தெரிந்தன. நீ வரும்போது பாலம் முடிந்திருக்கும். ஓடாத வண்டியைப் பாலத்தில் தள்ளுவது இன்னும் கஷ்டம் என்பதை நினைவில் வை.

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு முன்முற்றத்தில் அது வந்து உட்கார்ந்தது. வாசலை அடைத்துக்கொண்டு, நிழலில், வேலை ஒன்றும் செய்யாமல், எல்லோரும் குனிந்து குனிந்து பணிவிடை செய்ய. நான் அதற்கு "வீட்டோடு மாப்பிள்ளை" என்று பெயர் வைத்தேன். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தார். மாப்பிள்ளைக்கு என்னென்ன சீர் செய்தோம் தெரியுமா? சனிக்கிழமைதோறும் அப்பா ரோப் வாக் பழைய சாமான் சந்தையில் தரையோடு தரையாகக் குந்தி, துருப்பிடித்த பித்தளைக்குள் கை விட்டு எதையாவது எடுத்து வருவார். எஞ்சின் புத்தகம் ஒன்று கிடைத்தது, கரப்பான் தின்றது போக மீதி ஆங்கிலத்தில் இருந்தது. நான் வாசிப்பேன், அவர் கழற்றுவார். "அடுத்தது வாசி பிள்ளை." "அடுத்தது கரப்பான் தின்னுட்டுது அப்பா." அதுவரை அவர் என்னிடம் பேசியதெல்லாம் மார்க் எத்தனை, குடை எங்கே என்ற இரண்டு கேள்விகள்தான். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னால் காது கேட்காது. "நான் செய்யிறன்." அந்த இரண்டு சொல்லை எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. எரிச்சலாக இருக்கும். வெயிலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சை பிடி, அங்கை பிடி," என்று இல்லாத இடத்துக்கெல்லாம் பிடித்து, கை கடுத்து, கடைசியில், "நீ சரியாப் பிடிக்கேல்லை," என்ற பழியும் வாங்கி. உனக்கு ஒரு காலத்தில் நான் அப்படிச் சொன்னால், இந்தப் பக்கத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டு.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேனே. அலுவலகப் பழக்கம், ஒவ்வொரு நாள் வேலையையும் அதில் எழுதுவார். "மேற்படி வண்டியின் நான்கு பிளக்குகளும் மாற்றப்பட்டன. பலனில்லை." "மேற்படி எஞ்சின் இன்றும் ஒத்துழைக்க மறுத்துவிட்டது." நான் ஒருநாள் அடியில், "மேற்படி எஞ்சின் பற்றற்ற நிலையை அடைந்துவிட்டது, இனி எதையும் பற்றாது," என்று எழுதினேன். அவர் அதை அழிக்கவில்லை. ஓரத்தில், "கவனிக்கப்பட்டது," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை அது பற்றியது. அப்பா முன்பக்கத்தில் எஞ்சினைக் கிளப்பும் கம்பியைச் செருகிச் சுற்றினார், மாப்பிள்ளை ஒன்பது முறை இருமினார். ஒன்பது. நான் எண்ணினேன். பிறகு அடங்கிவிட்டார். ஆனாலும் இருமல் இருமல்தான், உயிர் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அம்மாவே அடுப்பை விட்டு ஓடி வந்தார். வந்த கையோடு பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஞாயிறு காலை நல்ல நேரம், குருக்கள் ஐயாவைக் கூப்பிட்டு வண்டிக்குப் பூசை போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அப்பாவுக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும். "இஞ்சாருங்கோ, நல்ல நேரம் உங்களுக்காக நிக்காது," என்றார் அம்மா. சனிக்கிழமை முழுக்க அப்பா உட்கார்ந்து எஞ்சினின் ஒரு பாகத்தைத் திருத்தினார். கறுப்பு மூடி போட்ட கிண்ணம் மாதிரி இருக்கும். அதற்குள் இரண்டு சின்ன இரும்பு உதடுகள் தொட்டுத் தொட்டு விலகும். அவை சரியாகத் தொட்டால்தான் பிளக்கில் பொறி வரும். அந்த உதடுகளுக்குப் பெயர் பாயிண்ட். புதிதாக வாங்கி, துடைத்து, இடைவெளியை அளந்து பொருத்தினார். ஞாயிறு காலையும் மூடியைத் திறந்து வைத்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குருக்கள் ஐயா வந்துவிட்டார்.

நான் என் குற்றத்துக்கு வருகிறேன். நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அக்கம்பக்கத்தார் ஒரு இருபது பேர். அம்மா விபூதித் தட்டையும் சந்தனத்தையும் என் கையில் கொடுத்து, "எல்லா இடத்திலயும் வை பிள்ளை, ஒண்டும் விடாதை," என்றார். கோவிலில் நேர்ந்துகொண்டு வாங்கி வந்த விபூதி. ஸ்டியரிங்கில் வைத்தேன், விளக்குகளில் வைத்தேன், பானெட்டில் மூன்று கோடு இழுத்தேன். இன்னும் முடியாத வேலையிலிருந்து எழுப்பப்பட்ட கடுப்பில் அப்பா முணுமுணுத்தார்: "எஞ்சினுக்குள்ளேயும் கொண்டுபோய் வையுங்கோ. அது ஒண்டுதான் குறை." எனக்குச் சொன்னதைச் சொன்னபடி செய்வது மிகவும் பிடிக்கும். என்னுடைய குறும்புகளில் பாதி, பெரியவர்கள் வாய்தவறிச் சொன்னதை நான் கைதவறாமல் செய்தவைதான். திறந்திருந்த கிண்ணத்துக்குள், அந்த இரண்டு உதடுகள்மேலும், ஆளுக்கொரு கட்டை விரல் விபூதி அழுத்திப் பூசினேன். மாப்பிள்ளைக்கு வாய்க்கரிசி என்று மனதுக்குள் ஒரு சிரிப்பு வேறு. கற்பூரப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே அப்பா, "மூடு பிள்ளை, நேரமாகுது," என்றார். நானே மூடினேன். நானே கொக்கியை மாட்டினேன்.

அதற்குப் பிறகு அது ஒருமுறைகூட இருமவில்லை. இருபது பேர் பார்க்க அப்பா கம்பியைச் சுற்றினார். சுற்றினார். மணியடித்து முடித்த குருக்கள் ஐயா தட்சிணையோடு சற்று நின்றார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ தள்ளிவிட்டு எலுமிச்சையை நசுக்கலாமே என்றார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தள்ளி நசுக்கினா சேர்த்தி இல்லை. தானா ஓடி நசுக்க வேணும்." நான்கு பழமும் அப்படியே சக்கரத்தடியில் இருந்தன. அம்மா கூட்டும்போது அவற்றைச் சுற்றிக் கூட்டினார்.

ஐந்து வாரம், மகனே. அந்த ஐந்து வாரத்தை உனக்கு எப்படிச் சொல்வது. பிளக்கை மாற்றினார். வயரை மாற்றினார். காயிலை மாற்றினார். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிரித்து மேசை விரிப்பில் பரப்பி, சேர்க்கும்போது ஒரு திருகாணி மிஞ்ச, மறுபடி பிரித்தார். பேட்டரியைத் தோளில் சுமந்துகொண்டு போய்ச் சார்ஜ் ஏற்றி வந்தார். கறுப்பு மூடியை மட்டும் திறக்கவேயில்லை. "அதை நான் என்ரை கையால சரி பண்ணினனான். அதில பிழை இல்லை." தான் சரியாகச் செய்த ஒரே வேலை என்று நம்பியதை அவர் சந்தேகப்படவில்லை. ஸ்டார்ட் ஆகாததற்கு ஸ்டார்தான் காரணம் என்று அம்மா அவருடைய நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தார். வண்டியின் பின்பலகைமேல் ஒரு பூனை குட்டி போட்டது. எலுமிச்சைகள் காய்ந்து கறுத்துக் கூழாங்கல்லாயின. வீதியில் போகிறவர்கள் எழுத்தரான அப்பாவை, "கிராணி, மாப்பிள்ளை எப்படி?" என்று விசாரித்தார்கள். நான் வைத்த பெயர் ஊர்ப்பெயராகியிருந்தது. முதலில் பெருமையாக இருந்தது. பிறகு அப்பா பின்வாசல் வழியாக வேலைக்குப் போகத் தொடங்கினார்.

ஐந்தாவது வாரத் திங்கட்கிழமை அவர் பானெட்டை மூடினார். ஃபைல் கட்டுவதுபோல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, அவருக்கே உரிய ஒரு முடிச்சுப் போட்டார். நோட்டுப் புத்தகத்தில், "முயற்சி கைவிடப்பட்டது," என்று எழுதினார். சனிக்கிழமை காலை வந்து ஏற்றிக்கொண்டு போகும்படி பழைய இரும்பு வாங்கும் சின்னையா அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். பக்கம் திருப்பும் சத்தம் வரவில்லை. அம்மா, ஐந்து வாரமாகத் திட்டிய அதே அம்மா, தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாமே," என்றார். "போதும்," என்றார் அப்பா. "ஃபைல் நகர்த்துற கை. அதுக்கு மேல ஆசைப்பட்டிருக்கக் கூடாது."

புதன்கிழமை மத்தியானம், வேறு வேலையில்லாமல், நான் அந்தக் கரப்பான் புத்தகத்தைப் புரட்டினேன். பாயிண்ட் பற்றிய பக்கம். தொடும் முகங்களில் மெல்லிய தூசி படிந்தாலும் பொறி வராது, துடைத்து உலர்ந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த வரியை மூன்றுமுறை படித்தேன். என் கட்டை விரலைப் பார்த்தேன்.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து மணியைப் பத்து நிமிடம் முந்தி அடித்துவிட்டுத் தலைமையாசிரியர் முன்னால் சிரிக்காமல் நின்றவள், ஒரு சாதாரண உண்மையைச் சொல்ல மூன்று நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ரகசியமாகத் துடைத்துவிடலாம் என்று பார்த்தேன். அந்த முடிச்சை அவிழ்த்தால் அவரால் மட்டும்தான் திரும்பப் போட முடியும். அம்மாவிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். நேர்ந்து வாங்கிய விபூதியால் வண்டி நின்றது என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது. ஒருவேளை அது காரணமில்லையோ, வீணாக மாட்டிக்கொள்கிறேனோ என்றும் ஒரு கணக்குப் போட்டேன். வியாழன் போனது. வெள்ளி போனது. அப்பா எதிரே உட்கார்ந்து சோறு பிசைந்தார், நான் ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டேன்.

சனிக்கிழமை எட்டரைக்குச் சின்னையா அண்ணனின் லாரி பின்பக்கமாக முற்றத்துக்குள் வந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், மேசையில் வேலை செய்கிற யாரும் அவருக்குக் கிராணிதான்.

"என்னா கிராணி, முடிவு பண்ணிட்டீங்களா? சங்கிலி மாட்டவா?"

"மாட்டு."

"நல்ல இரும்பு லா இது. இப்ப யாரு இந்த மாதிரி போடுறான்." அவர் குனிந்து சங்கிலியை முன்கம்பியில் கோத்தார். அப்பா திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் படியில் ஏறினார். அந்த முதுகைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

"அப்பா, வண்டியில பிழை இல்லை. நான்தான்."

"போதும் உன்ரை பகிடி," என்றார் அம்மா. "இண்டைக்காவது வாயை மூடிக்கொண்டிரு."

பார்த்தாயா, இதுதான் என் தொழிலில் உள்ள சிக்கல். வருஷக்கணக்காகப் பொய்யை உண்மைபோல் சொல்லிப் பழகியவளுக்கு, உண்மையைச் சொல்லும்போது அது பொய்போலவே வருகிறது. நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுததால்தான் நம்பினார்கள். விபூதி, கட்டை விரல், மூடி, கொக்கி, எல்லாவற்றையும் சொன்னேன். சின்னையா அண்ணன் சங்கிலியைக் கையில் பிடித்தபடி நின்றார். அப்பா இறங்கி வந்தார். முடிச்சை அவிழ்த்தார். அவரால் மட்டும்தான் அவ்வளவு வேகமாக அவிழ்க்க முடியும். மூடியைத் திறந்து உள்ளே குனிந்தார்.

"எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

"இண்டைக்குச் சனி," என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும்.

அம்மா தட்டுத் தடுமாறி, "விபூதியால ஒரு வண்டி நிக்குமே? இது என்ன கதை?" என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். "உள்ளேயும் வையுங்கோ எண்டு சொன்னது நான்தானே. நீ துடை." தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து, இரண்டு உதடுகளுக்கும் நடுவில் விட்டுத் தேய்த்தேன். எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து விபூதி சாம்பல் கறுப்பாக விரலில் வந்தது. அதைக் கீழே உதறப் போனேன்.

"உதறாதை," என்றார் அம்மா. என் கையைப் பிடித்தார். அந்தக் கறுப்பைத் தன் விரலால் வழித்து, அப்பாவின் நெற்றியில் ஒரு கோடு, என் நெற்றியில் ஒரு கோடு, மிச்சத்தை என்ன செய்வதென்று பார்த்துச் சின்னையா அண்ணன் நெற்றியிலும் இழுத்துவிட்டார். "விபூதி ஒண்டும் செய்யேல்லை," என்றார். "இருக்க வேண்டிய இடம் தெரியாமல் இருந்திட்டுது."

அப்பா கம்பியை எடுத்து நீட்டினார். எடுத்துப் போக வந்த சின்னையா அண்ணனே சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுற்றினார். முதல் சுற்று ஒன்றுமில்லை. இரண்டாவது ஒன்றுமில்லை. மூன்றாவதில் மாப்பிள்ளை இருமினார், பிறகு தும்மினார், பிறகு வீடே அதிர உறுமத் தொடங்கினார். பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு குதித்து ஓடியது. அப்பா உள்ளே ஏறி, அந்தக் கறுத்த நெற்றியோடு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து மெல்ல விட்டார். ஐந்து வாரம் காய்ந்த எலுமிச்சையில் சாறு வரவில்லை. சத்தம்தான் வந்தது, நான்கு முறை, கொட்டை உடைவதுபோல். "என் பொழப்பு போச்சு லா," என்றார் சின்னையா அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றைக்கு நோட்டுப் புத்தகத்தில் அப்பா எழுதியதை நேற்றுத்தான் பார்த்தேன். "கோளாறு கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது. காரணம்: தூசி." என் பெயரில்லை. விபூதி என்ற சொல்லும் இல்லை. முப்பது வருஷம் எழுதிய கை, எதை எழுதாமல் விடுவதென்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

இதோடு முடித்து, எல்லாம் நன்மைக்கே என்று உனக்கு எழுதியிருப்பேன். ஆனால் பார், அது நடந்து மூன்று வாரமாகிறது, அப்பா என்னிடம் விளக்குப் பிடிக்கச் சொல்வதில்லை. இன்று வரச்சொன்னதுகூட, பாலிக் புலாவில் அவருடைய அலுவலக நண்பர் கொடுக்கும் பழைய அலமாரியைத் தூக்க ஒரு கை வேண்டும் என்பதால்தான். முதல் சுமை. வழியெல்லாம் நான் சொன்ன ஒரு வேடிக்கைக்கும் ஓரத்தில், "கவனிக்கப்பட்டது," இல்லை. மூன்றாவது வளைவில் இதுவும் நின்றுவிட்டது. எனக்கு இந்த வண்டிமேல் வருகிற ஆத்திரத்தை என்னவென்று சொல்வது. ஓடாதபோதும் என்னைக் காட்டிக்கொடுத்தது, ஓடும்போதும் விடமாட்டேன் என்கிறது.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டுச் சற்று முன் எழுந்து போனேன். கை அரித்தது. அவர் வருவதற்குள் ஏதாவது துடைத்து வைக்கலாம் என்றுதான். பானெட் சூடாகவே இருந்தது. கறுப்பு மூடியைத் திறந்தேன். பாயிண்ட் இருந்தது. அதற்குமேல் சுழலும் கட்டை விரலளவு துண்டு, அது இல்லாமல் எந்த எஞ்சினும் பற்றாது, அதைக் காணவில்லை. கழன்று விழவில்லை. கழற்றி எடுத்துப் போயிருக்கிறார். தண்ணீர் எடுக்கப் போகிற நேரத்துக்குக்கூட, என்னை நம்பி விட்டுப் போக முடியாமல். மூடியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதினேன்.

அப்பா வந்தார். டின்னில் பாதித் தண்ணீர் வழியிலேயே சட்டையில் போயிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் துணி சுற்றிக் கழற்றினார், மெல்ல மெல்ல ஊற்றினார். என் பக்கம் பார்க்காமலே கேட்டார்.

"தொட்டனியோ?"

விரலில் கறுப்பு இருந்தது. பாவாடைக்குப் பின்னால் கையை வைத்திருந்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு அரை நொடி போதும், அதில் எனக்குப் பயிற்சி உண்டு.

"தொட்டனான்."

"எப்ப?"

"இப்ப. நீங்கள் வளைவில வாறதுக்குக் கொஞ்சம் முன்னம்."

டின்னைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். அந்தத் துண்டு அதற்குள் இருந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"போடு. நீயே மூடு."

போட்டேன். மூடினேன். கொக்கி மாட்டும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. அவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைத்தான் எடுத்தார், கிழிந்த இடத்தைத் தடவினார். "எங்கை தாள்?"

"உங்கடை பேரனுக்குக் கடிதம் எழுதுறன்."

"அவனுக்கு என்னவாம்?"

"ஓடாத பழைய வண்டி வாங்கலாமோ எண்டு கேக்கிறான்."

அப்பா எஞ்சினைப் பார்த்தார், எங்களுக்கு மேலே இன்னும் ஏற வேண்டிய மலையைப் பார்த்தார். "வாங்கச் சொல்லு," என்றார். பிறகு கம்பியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

சுற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டு முறை இருமியது, பற்றவில்லை. நான் இறங்கிப் போய்த் தள்ள வேண்டும். ஆகவே சுருக்கமாக: உன் தாத்தா வாங்கச் சொல்கிறார், நான் வேண்டாமென்கிறேன், நீ எப்படியும் எங்கள் இரண்டு பேர் பேச்சையும் கேட்கப்போவதில்லை. வாங்கினால் ஒன்று மட்டும் செய். உன்னால் அது நின்றது என்று புதன்கிழமை உனக்குத் தெரிந்தால், புதன்கிழமையே சொல்லிவிடு.

இப்படிக்கு, கையெல்லாம் கறுப்பாக,
உன் அம்மாவாகப் போகிறவள்